எதிரே ரைஸ் வந்தபின்: கால் போடுவதா, மறு-ரைஸ் அடிப்பதா, எந்தக் கைகளால்?

ஆறு பேர் ஆடும் டெக்சாஸ் ஹோல்டெம் போக்கர் மேசை: ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக, பிறகு நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. பிளைண்ட் என்பது சீட்டைப் பார்க்கும் முன்பே இரண்டு இருக்கைக்காரர்கள் கட்டாயமாகப் போடும் பந்தயம்; பெரியது பிக் பிளைண்ட், அதில் பாதி ஸ்மால் பிளைண்ட். எல்லோரிடமும் 100 பிக் பிளைண்ட் அளவுக்குச் சில்லு இருக்கிறது; கீழே வரும் பந்தய எண்களும் பிக் பிளைண்ட் கணக்கில்தான். முதல் இரண்டு பேர் சீட்டை வீசிவிட்டார்கள். பிந்தைய சுற்றுகளில் கடைசியாகப் பேசும் இருக்கை பட்டன்; அதற்கு முந்தைய இருக்கையில், அதாவது கட்-ஆஃபில் இருப்பவர் 2.5 பிக் பிளைண்டுக்கு ரைஸ் செய்கிறார், பந்தயத்தை உயர்த்துகிறார். அடுத்து நம் முறை. கையில் ஏஸும் ஜாக்கும், இரண்டும் வேறு வேறு சின்னம். என்ன செய்வது?

நாம் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று கேட்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. பட்டனில் இருந்தால் நான் பெரும்பாலும் மறு-ரைஸ் அடிப்பேன், அதாவது அவர் ரைஸுக்கு மேல் இன்னும் உயர்த்துவேன். ஸ்மால் பிளைண்டில் மறு-ரைஸ் அல்லது ஃபோல்டு (சீட்டை வீசுவது), இரண்டில் ஒன்று, கால் (அவர் வைத்த அளவையே வைத்துத் தொடர்வது) கிடையாது. பிக் பிளைண்டில் அதே கையை நிம்மதியாகக் கால் போடுவேன். சீட்டும் எதிராளியும் மாறவில்லை, ஆனாலும் பதில் மூன்று விதமாக வருகிறது. ஏன் என்று எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆயிற்று. புரிந்தபோது, மறு-ரைஸ் பற்றி அதுவரை படித்ததெல்லாம் தானாக வரிசையில் வந்து நின்றது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முன்கூட்டியே ஒன்று. இந்தியாவில் 2025 ஆகஸ்டில் நிறைவேறிய சட்டம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்திருக்கிறது. நான் சொல்லும் ஆட்டங்கள் நண்பர்கள் கூடி வெறும் சில்லுக்கு ஆடியவை. கணக்கு எங்கே ஆடினாலும் ஒன்றுதான்.

முதலில் பெயர். பிளைண்ட் போடுவது முதல் பந்தயம், அதற்கு மேல் வரும் ரைஸ் இரண்டாவது, அதற்கும் மேல் அடிப்பது மூன்றாவது. அதனால்தான் த்ரீ-பெட் என்கிறார்கள். இணைய ஆட்டம் பரவுவதற்கு முன்பு த்ரீ-பெட் வந்தால் ஏஸ் ஜோடி அல்லது கிங் ஜோடி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். பிறகு ஆட்கள் லேசான கைகளாலும் மறு-ரைஸ் அடிக்கத் தொடங்கினார்கள். 2015-ஐ ஒட்டிப் பரவிய சால்வர் மென்பொருட்கள் (சிறந்த ஆட்டத்தைக் கணக்கிடுபவை), எந்தக் கையால் எவ்வளவு அடிப்பது என்பதைக் கணக்காக்கிவிட்டன. அந்த அட்டவணைகளை அப்படியே மனப்பாடம் செய்கிறவர்கள் நிறைய. அட்டவணை ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்பவர்கள்தான் குறைவு.

அட்டவணைகளைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் மறு-ரைஸ் கைகளுக்கு இரண்டு வடிவம் தெரியும்.

ஒன்று, மேலிருந்து வரிசையாக எடுப்பது. லீனியர் என்பார்கள். ஏஸ் ஜோடியில் ஆரம்பித்து நல்ல கைகளை ஒன்றுவிடாமல் இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்துவது. 10 ஜோடி முதல் மேலே எல்லா ஜோடிகளும், ஏஸ்-கிங்கும் ஏஸ்-குயினும் எந்தச் சின்னமானாலும், அப்புறம் சூட்டட் (இரண்டும் ஒரே சின்னம்) ஏஸ்-ஜாக், ஏஸ்-10, கிங்-குயின், கிங்-ஜாக், குயின்-ஜாக் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தமுள்ள 1326 இரு-சீட்டுச் சேர்க்கைகளில் இது 82. சதவீதத்தில் 6-க்குச் சற்று மேல்.

இன்னொன்று, இரண்டு முனைகளை மட்டும் எடுப்பது. போலரைஸ்டு. உச்சியில் குயின் ஜோடி முதல் மேலே உள்ளவையும் ஏஸ்-கிங்கும்: 34 சேர்க்கைகள். கீழே, கால் போடத் தகுதி போதாத, ஆனால் முழுக்கக் குப்பையும் இல்லாத சில கைகள். சூட்டட் ஏஸ்-2 முதல் ஏஸ்-5 வரை எடுத்தால் 16 சேர்க்கைகள். நடுவில் இருக்கும் 10 ஜோடி, ஏஸ்-குயின், கிங்-ஜாக் போன்றவற்றைக் கால் போட வைத்துக்கொள்கிறோம்.

புதிதாகப் படிப்பவர்களைக் கவர்வது இரண்டாவதுதான். ஏஸ்-5 வைத்துக்கொண்டு மறு-ரைஸ் அடிப்பதில் ஒரு கெத்து இருக்கிறது. அந்தக் கைக்கு நியாயமான காரணங்களும் உண்டு. நம்மிடம் ஒரு ஏஸ் இருந்தால் எதிராளிக்கு ஏஸ் ஜோடி வரும் வழிகள் 6-இலிருந்து 3 ஆகக் குறைகின்றன; ஏஸ்-கிங் வரும் வழிகள் 16-இலிருந்து 12 ஆகின்றன. பிளாக்கர் என்பது இதைத்தான். மாட்டிக்கொண்டாலும் ஃபிளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து) விழலாம், 2-3-4 வந்தால் ஸ்ட்ரெயிட் (வரிசையாக ஐந்து) விழலாம். கிங் ஜோடியே எதிரே இருந்தாலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு முறை ஜெயிக்கும். ஏஸ்-9 இதைவிடப் பெரிய கை மாதிரி தெரியும். ஆனால் அதற்கு அந்த ஸ்ட்ரெயிட் வழி இல்லை.

ஆனால் நடுவில் இருக்கும் நல்ல கைகளைத் தாண்டிக் குதித்து ஏஸ்-5-ஐ ஏன் எடுக்கிறோம்? ஏஸ்-குயினும் 10 ஜோடியும் அதைவிட நல்ல கைகள்தானே? அவற்றைக் கால் போட்டால் இன்னும் நன்றாகச் சம்பாதிக்கும் என்பதால்தான் அவற்றை ஒதுக்கி வைக்கிறோம். அதாவது நல்ல கால் ஒன்று கையில் இருக்கும் இடத்தில்தான் இரண்டு முனை வடிவத்துக்கு அர்த்தம் உண்டு. கால் போடுவதே நஷ்டம் என்கிற இடத்தில் நடுக் கைகளை எதற்காக ஒதுக்கி வைக்க வேண்டும்? அங்கே அவை மறு-ரைஸுக்குள் வந்துவிடும், வடிவம் தானாக லீனியர் ஆகிவிடும். எந்த வடிவம் என்பது நம் துணிச்சலையோ பாணியையோ பொறுத்ததில்லை. அந்த இருக்கையில் கால் எவ்வளவு பெறும் என்பதைப் பொறுத்தது.

இருக்கைகளைப் பார்ப்போம். பிக் பிளைண்டில் கால் மலிவு. கட்-ஆஃபின் 2.5, வீசிப்போன ஸ்மால் பிளைண்டின் அரை, நாம் ஏற்கெனவே போட்ட 1: பாட்டில், அதாவது நடுவில் சேர்ந்த பந்தயத் தொகையில், 4 இருக்கிறது. நாம் இன்னும் 1.5 போட்டால் போதும். 5.5-க்கு 1.5 என்றால் சுமார் 27 சதவீதம் தேறினால் கால் நியாயம். நமக்குப் பின்னால் பேச ஆளில்லை; கால் போட்டால் ஃபிளாப் (முதல் மூன்று பொதுச் சீட்டு) பார்ப்பது உறுதி. இவ்வளவு வசதி வேறு எந்த இருக்கையிலும் கிடையாது. அதனால் ஏஸ்-ஜாக், கிங்-10, ஏழு ஜோடி எல்லாம் இங்கே காலுக்குப் போகும். மறு-ரைஸ் இரண்டு முனையாகப் பிரிவது இங்கே இயல்பாக நடக்கிறது.

ஸ்மால் பிளைண்டில் இதே கணக்கு கசக்கிறது. போட வேண்டியது 2. 6-க்கு 2 என்றால் 33 சதவீதம். வித்தியாசம் கொஞ்சம்தானே என்று தோன்றும். ஆனால் பின்னால் பிக் பிளைண்ட் இன்னும் பேசவில்லை. ஃபிளாப், டர்ன் (நான்காவது பொதுச் சீட்டு), ரிவர் (ஐந்தாவது) மூன்றிலும் கட்-ஆஃபுக்கு முன்னால் நாம்தான் பேசியாக வேண்டும்.

இதை நான் கணக்கில் கற்கவில்லை, மேசையில்தான் கற்றேன். ஸ்மால் பிளைண்டில் ஏஸ்-ஜாக், கட்-ஆஃப் ரைஸ், நான் 2 சில்லை நகர்த்திக் கால் போட்டேன். பக்கத்தில் பிக் பிளைண்டில் இருந்த நண்பர் என் சில்லைப் பார்த்தார், கட்-ஆஃபின் சில்லைப் பார்த்தார், ஒரே அடியாக 13 வைத்தார். கட்-ஆஃப் வீசினார். நானும் வீச வேண்டியதாயிற்று. ஃபிளாப் பார்க்கத்தானே சில்லு கட்டினேன், அதையே பார்க்கவில்லை. அவர் செய்தது முழுக்கச் சரி. என்னிடம் ஏஸ் ஜோடியோ கிங் ஜோடியோ இருந்திருந்தால் நானே மறு-ரைஸ் அடித்திருப்பேன். கால் போட்டதாலேயே என் கை நடுத்தரம் என்று மேசைக்கே அறிவித்துவிட்டேன். நல்ல கையைக் கொஞ்சம் காலுக்குள் ஒளித்து வைக்கலாமே என்று கேட்கலாம். செய்யலாம், ஆனால் அந்த அளவுக்கு நல்ல கையை மலிவாக விற்கவும் வேண்டியிருக்கும்.

அதனால் ஸ்மால் பிளைண்டில் நான் கால் என்ற வழியையே எடுத்துவிட்டேன். மறு-ரைஸ், இல்லையேல் ஃபோல்டு. சால்வர்களும் ஏறத்தாழ இதையே சொல்கின்றன. கால் போகாதபோது நடுக் கைகளில் நல்லவை மறு-ரைஸுக்குள் வருகின்றன, மற்றவை குப்பைக்குப் போகின்றன. ஏஸ்-5 சூட்டட் இங்கும் சில சமயம் உள்ளே வரும், ஆனால் ஏஸ்-குயினுக்கும் கிங்-குயினுக்கும் பின்னால்தான் வரிசையில் நிற்கும். ஐந்து ஜோடி, ஆறு ஜோடி போன்றவற்றை வீச மனம் வராது, தெரியும். ஜோடி ஃபிளாப்பில் மூன்றாவது சீட்டைப் பிடிப்பது 100-க்கு 12 தடவைகூட இல்லை. மீதித் தடவைகளில் முதலில் பேச வேண்டிய இருக்கையில் சின்ன ஜோடியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ரேக் வாங்கும் இடங்களில் இன்னொரு காரணமும் சேர்கிறது. பாட்டில் ஒரு சதவீதத்தை மேசைக் கமிஷனாக எடுப்பார்கள். ஆனால் ஃபிளாப் விரியாமல் கை முடிந்தால் பல இடங்களில் எதுவும் எடுப்பதில்லை. மறு-ரைஸ் அடித்து எல்லோரும் வீசினால் 4 பிக் பிளைண்ட் முழுசாக நமக்கு. கால் போட்டு ஃபிளாப் பார்த்தால் ஜெயித்த பாட்டிலும் வெட்டு விழும். சின்னப் பந்தய மேசைகளில் இந்த வெட்டு பாட்டோடு ஒப்பிட்டால் பெரிது. கால் கைகளின் லாபமே மெல்லியது, அதையும் இது தின்றுவிடும். சின்ன மேசைக்குச் சொல்லப்படும் அட்டவணைகளில் கால் குறைவாகவும் மறு-ரைஸ் அதிகமாகவும் இருப்பது இதனால்தான்.

பட்டன் இரண்டுக்கும் நடுவில். ஃபிளாப்புக்குப் பிறகு கடைசியாகப் பேசும் வசதி இருப்பதால் கால் மோசமில்லை. ஆனால் பின்னால் இரண்டு பிளைண்டுகளும் பேச இருக்கிறார்கள். சூட்டட் கிங்-10, எட்டு ஜோடி இவற்றைக் கால் போடுவேன். வேறு வேறு சின்ன ஏஸ்-ஜாக்கை மறு-ரைஸ் பக்கம் தள்ளுவேன். காரணம் எளிது. அது ஏஸ்-குயினிடமும் ஏஸ்-கிங்கிடமும் மாட்டினால் நாலில் ஒரு முறைதான் தேறும். பல பேர் உள்ளே வரும் பாட்டில் ஃபிளஷும் வராது. ஒருவரைத் தனியாகப் பிடித்து, அவர் ஏஸ்-10-ஐயும் கிங்-ஜாக்கையும் வீசினாலும் லாபம், அவற்றைக் கால் போட்டாலும் லாபம் என்ற நிலையில்தான் இந்தக் கை நன்றாக ஓடும்.

இதுவரை எதிராளியைப் பற்றிப் பேசவில்லை. நம் மேசைகளில் இருக்கையைவிட அவர்தான் முக்கியம் என்றுகூடச் சொல்வேன்.

பட்டனிலிருந்து 8-க்கு மறு-ரைஸ் அடிக்கிறோம். 4-ஐ ஜெயிக்க 8-ஐ வைக்கிறோம். மூன்றில் இரண்டு தடவை எல்லோரும் வீசினால் கையில் எது இருந்தாலும் நஷ்டமில்லை. கட்-ஆஃப் தன் கைகளில் 27 சதவீதத்தை ரைஸ் செய்பவர் என்று வைத்துக்கொள்வோம். 1326-இல் அது சுமார் 358 சேர்க்கைகள். மறு-ரைஸ் வந்தால் 10 ஜோடி முதல் மேலே, ஏஸ்-குயின், ஏஸ்-கிங், இவ்வளவோடு மட்டும் நிற்பவர் என்றால் அவரிடம் நிற்கும் சேர்க்கைகள் 62. அதாவது 100-க்கு 83 தடவை வீசுகிறார். நம்மிடம் ஏஸ் இருந்தால் அந்த 62-உம் 51 ஆகிவிடும். பிளைண்டுகள் எப்போதாவது விழித்துக்கொள்வதைக் கழித்தாலும் இவர் மேல் ஏஸ்-5 அடிப்பது கிட்டத்தட்ட இலவசப் பணம். இவரிடம் இரண்டு முனை வடிவம் அருமை. கீழ் முனையை இன்னும் கொஞ்சம் தடிக்கவும் செய்யலாம்.

ஆனால் நம் மேசைகளில் இப்படிப்பட்டவர் எத்தனை பேர்? நான் பார்த்தவரை, ஒரு தடவை சில்லை உள்ளே வைத்துவிட்டால் சீட்டை வீச மனம் வராதவர்கள்தான் அதிகம். ஃபிளாப்பாவது பார்த்துவிடுவோம் என்பார்கள்.

அப்படி ஒரு நண்பர் எங்கள் மேசையில் இருக்கிறார். ஒரு சனிக்கிழமை அவர் கட்-ஆஃபில் ரைஸ் செய்தார். நான் பிக் பிளைண்டில் இஸ்பேட் ஏஸ்-5 வைத்துக்கொண்டு, படித்ததை அப்படியே செய்து 11 வைத்தேன். கால். ஃபிளாப் கிங், 8, 3. ஒரே ஒரு இஸ்பேட். 7 வைத்தேன், கால். டர்னில் குயின், அது என்னிடம் இருப்பதாகக் காட்டி 18 வைத்தேன், கால். ரிவரில் நிறுத்திக்கொண்டேன். அவர் கிங்-9 காட்டினார். 36 பிக் பிளைண்ட் போயிற்று. நான் சொன்ன கதையை நம்பி வீசுவதற்கு அந்தக் கையை அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

சில வாரம் கழித்து அதே நண்பர், அதே கட்-ஆஃப் ரைஸ். நான் ஸ்மால் பிளைண்டில், டைமன் கிங்-குயின். மறுபடியும் 11 வைத்தேன், மறுபடியும் கால். ஃபிளாப் கிங், 7, 4. 8 வைத்தேன், கால். டர்னில் 25, கால். ரிவரில் மீதமிருந்த 56-ஐயும் தள்ளினேன். ரொம்ப நேரம் யோசித்தார், சில்லை விரலில் உருட்டிக்கொண்டே இருந்தார், பிறகு கால் போட்டு கிங்-10 காட்டினார்.

ஒரு கை தோற்றதும் ஒரு கை ஜெயித்ததும் எதையும் நிரூபிக்காது. ஃபிளாப் மாறியிருந்தால் கதையும் மாறியிருக்கும். கவனிக்க வேண்டியது அவர் கால் போட்ட சீட்டுகளை. கிங்-9, கிங்-10. மறு-ரைஸுக்கு எதிரே இப்படிப்பட்ட கைகளோடு வருபவரிடம் ஏஸ்-5 எதையும் வீச வைக்காது. கிங்-குயினோ அந்தக் கைகளின் கழுத்திலேயே உட்கார்ந்திருக்கும், நாலுக்கு மூன்று என்ற அளவில் முன்னால். இவரிடம் கீழ் முனையை முழுக்க வெட்டிவிட்டு மேல் முனையை நீட்ட வேண்டும். பிக் பிளைண்டில்கூட. கால் நன்றாகச் சம்பாதிக்கும் இருக்கைதான். ஆனால் மோசமான கைகளோடு பெரிய பாட்டுக்கு வரத் தயாராக இருப்பவரிடம் நல்ல கையை வைத்துக்கொண்டு சின்ன பாட் ஆடுவது அதைவிடக் குறைவாகவே சம்பாதிக்கும்.

ஆகவே அறிமுகம் இல்லாத மேசையில் உட்கார்ந்தால் நான் லீனியரில்தான் ஆரம்பிக்கிறேன். வீசுகிற ஆளை லீனியராக அடித்தால் கொஞ்சம் லாபத்தை விட்டுவிடுகிறோம், அவ்வளவுதான். வீசாத ஆளை இரண்டு முனையாக அடித்தால் கையிலிருக்கும் சில்லே போகும்.

லீனியருக்கும் ஒரு வலி இருக்கிறது, மறைக்கக் கூடாது. நாம் ஏஸ்-குயினால் 11 வைத்தபின் அவர் அதற்கும் மேல் 24-க்கு உயர்த்தி ஃபோர்-பெட் அடித்தால்? வீசியாக வேண்டும். அதுவே 10 ஜோடியானாலும் நிம்மதியாகத் தொடர முடியாது. ஃபிளாப் பார்த்திருந்தால் அழகாக ஆடியிருக்கக்கூடிய கைகள் இவை. ஏஸ்-5 ஆக இருந்தால் வீசுவதில் வலியே இல்லை. முதலிலேயே அது விளிம்புக் கைதான். அதனால் அடிக்கடி ஃபோர்-பெட் அடிக்கும் ஆள் எதிரே இருந்தால் வடிவம் மறுபடி இரண்டு முனைக்கே திரும்பும்: வலியில்லாமல் வீசக்கூடியதும், ஆல்-இன்னுக்கே (மொத்தச் சில்லையும் தள்ளுவதற்கே) தயாரானதும் மட்டும். நண்பர்கள் மேசையில் அப்படி ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. அங்கே ஃபோர்-பெட் வந்தால் பழைய காலம் மாதிரியே ஏஸ் ஜோடி, கிங் ஜோடி.

அளவைப் பற்றிச் சுருக்கமாக. கடைசியில் பேசும் வசதி இருந்தால் ரைஸின் மூன்று மடங்கு போதும், 7.5 அல்லது 8. பிளைண்டுகளிலிருந்து என்றால் நாலு மடங்கு அல்லது சற்று மேல், 10 அல்லது 11. முதலில் பேச வேண்டிய குறையை விலையில் ஈடுகட்டுகிறோம். நடுவில் ஒருவர் ஏற்கெனவே கால் போட்டிருந்தால் அவருக்காக இன்னொரு ரைஸ் அளவைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஸ்மால் பிளைண்டில் என்னைப் பிழிந்த அந்த 13 இப்படி வந்ததுதான். வீசாத ஆளிடம் இதைவிடவும் பெரிதாக வைக்கலாம், அவர் விலை பார்ப்பதில்லை.

பாட்டின் அளவு மாறுவது ஃபிளாப்புக்குப் பின்னால் எப்படி ஆடுவது என்பதையும் மாற்றிவிடும். பட்டனில் கால் போட்டுப் பிளைண்டுகள் வீசினால் பாட் 6.5, பின்னால் (ஆளுக்குக் கையில் மீதமிருக்கும் சில்லு) 97.5, சரியாக 15 மடங்கு. அதே இடத்தில் 8-க்கு அடித்து அவர் கால் போட்டால் பாட் 17.5, பின்னால் 92; ஐந்து மடங்குக்குச் சற்று மேல். 15 மடங்கில் ஒற்றை ஜோடியை வைத்துக்கொண்டு மொத்தச் சில்லையும் தள்ளுவது ஆபத்து. ஐந்து மடங்கில் கிங்-குயின் வைத்திருப்பவர் கிங் விழுந்தால் தைரியமாக மூன்று சுற்றிலும் பந்தயம் வைக்கலாம். பெரிய சீட்டுகளுக்கு மறு-ரைஸ் பிடிக்கும், சின்ன ஜோடிகளுக்கும் தொடர் சீட்டுகளுக்கும் கால் பிடிக்கும் என்பதன் காரணம் இதுதான். ஏழு ஜோடி மூன்றாவது ஏழைப் பிடிக்கும்போது பின்னால் 15 மடங்கு இருந்தால்தான் தவறவிட்ட தடவைகளுக்கு ஈடாகும்.

அந்த ஏஸ்-ஜாக்குக்குத் திரும்பி வருகிறேன். இவ்வளவும் ரைஸ் செய்தது கட்-ஆஃப் என்பதால் சொன்னது. அதே 2.5, ஆனால் செய்தவர் முதல் இருக்கைக்காரர் என்று வையுங்கள். பின்னால் ஐந்து பேர் இருந்தும் உள்ளே வருகிறார். அவருடைய கைகளில் ஏஸ்-10-உம் கிங்-ஜாக்கும் குறைந்து, ஏஸ்-குயினும் ஏஸ்-கிங்கும் பெரிய ஜோடிகளும்தான் நிறைந்திருக்கும். மறு-ரைஸ் அடித்தால் நம்மைவிட மோசமானவை வீசிவிடும், நல்லவை நிற்கும். கால் போட்டால் ஏஸ் விழும்போதுதான் அதிகம் இழப்போம். பட்டனில் இருந்தாலும் அதை வீசிவிட்டு அடுத்த கைக்குக் காத்திருக்கிறேன்.